விபத்துக்கு முந்தைய நாள் கொடுத்த ரத்தம்

1939 ஜனவரி 26 அன்று, ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், பார்சிலோனா நகரம் தளபதி பிராங்கோவின் படைகள் வசம் போனது. அடுத்த சில நாட்களில் ஸ்பெயினை விட்டு வெளியேறிய லட்சக்கணக்கானவர்களில் 33 வயது மருத்துவர் ஒருவரும் இருந்தார். பெயர், ஃபிரெடெரிக் துரான் ஜோர்தா. தோற்ற தரப்பைச் சேர்ந்தவர் என்பதால் இனி ஊர் திரும்ப வழியில்லை. ஆனால் அன்றைய உலகத்தில் வெகு சிலருக்கே இருந்த ஓர் அனுபவம் அவரிடம் இருந்தது. குண்டு விழுகிற ஊரில் மக்களிடம் ரத்தம் சேகரித்து, அதைக் கெடாமல் வைத்திருந்து, இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள போர்முனைக்கு வண்டியில் அனுப்பி, அடிபட்டுக் கிடப்பவர் உடம்பில் ஏற்றுவது எப்படி என்பதை இரண்டரை ஆண்டுகள் செய்து பார்த்தவர் அவர்.

லண்டனில் அவருக்குத் தங்க இடம் கொடுத்தவர் ஜேனட் வாகன். ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் ரத்த நோய்களை ஆராய்ந்துவந்த மருத்துவர். ஜெர்மனியோடு போர் வரும், லண்டன் மேல் குண்டு விழும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே நாளில் ரத்தம் தேவைப்பட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு இங்கிலாந்தில் யாரிடமும் பதில் இல்லை. அந்தப் பதில் ஒரு அகதியின் உருவத்தில் அவர் வீட்டுக்கே வந்தது.

ரத்த வங்கி என்றாலே நமக்கு நினைவுக்கு வருவது கையை நீட்டிப் படுத்திருக்கும் கொடையாளர்தான். அது நியாயமும்கூட. அவர் இல்லாமல் எதுவும் இல்லை. ஆனால் அவர் கொடுத்த ரத்தம் ஒரு உயிரைக் காப்பாற்றுவதற்கு, எங்கோ ஒரு ஊரில் ஒரு மருத்துவரோ லேப் டெக்னீஷியனோ தான் கற்றதையும் தவறவிட்டதையும் மறைக்காமல் இன்னொருவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். பேரிடர் வரும்போது முதலில் கைகொடுப்பது அப்படிச் சொல்லிவைத்த விஷயங்கள்தான். இந்தக் கட்டுரை அப்படிச் சொன்னவர்களைப் பற்றியது.

ஐஸ்கிரீம் வண்டியில் வந்த ரத்தம்

துரானுக்கு முன்பு ரத்தம் ஏற்றுவது எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் அவர் செய்தது என்ன என்பது புரியும். ஏ, பி, ஓ வகைகளைக் கார்ல் லாண்ட்ஸ்டைனர் வியன்னாவில் கண்டுபிடித்து 1901இல் வெளியிட்டார். சோடியம் சிட்ரேட் கலந்தால் ரத்தம் உறையாது என்று 1914இலும் 1915இலும் வெவ்வேறு நாட்டு மருத்துவர்கள் காட்டினார்கள். முதல் உலகப் போரில், 1917இல், ஆஸ்வால்ட் ராபர்ட்சன் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் ஓ வகை ரத்தத்தைப் புட்டிகளில் எடுத்து ஐஸில் வைத்து, பிரான்ஸ் போர்முனையில் காயம்பட்டவர்களுக்கு ஏற்றினார். அதை அடுத்த ஆண்டே மருத்துவ இதழில் எழுதவும் செய்தார்.

போர் முடிந்தது. அந்தக் கட்டுரை இதழில் அப்படியே கிடந்தது. மருத்துவமனைகள் பழைய வழிக்கே திரும்பின: நோயாளிக்கு ரத்தம் வேண்டுமா, கொடையாளரைக் கூப்பிடு. லண்டனில் பெர்சி லேன் ஆலிவர் என்ற செஞ்சிலுவைச் சங்கத் தொண்டர் 1921இல் தொடங்கிய ஏற்பாடும் இப்படித்தான். மருத்துவமனையிலிருந்து போன் வரும். பட்டியலில் உள்ள ஒருவர் கிளம்பிப் போவார். மிக உயர்ந்த சேவை. ஆனால் தினம் ஒன்றிரண்டு நோயாளிகளுக்கு ஆகிவரும் வழி, நகரமே இடிந்து விழும் நாளில் ஆகிவராது.

துரான் கொடையாளரை அனுப்புவதை விட்டு ரத்தத்தை அனுப்பினார். 1936 ஜூலையில் உள்நாட்டுப் போர் மூண்டதும், காயம்பட்டவர்கள் அரகோன் போர்முனையில் இருந்தார்கள்; கொடுக்கத் தயாராக இருந்தவர்கள் பார்சிலோனாவில் இருந்தார்கள். ஓ வகையினர் ஆறு பேரிடம் எடுத்த ரத்தத்தை ஒன்றாகக் கலந்து வடிகட்டி, சிட்ரேட்டும் குளுக்கோஸும் சேர்த்து, கண்ணாடிக் குப்பிகளில் அழுத்தம் கொடுத்து அடைத்தார். ஆறு பேருடையதைக் கலந்ததற்குக் காரணம் உண்டு. ஓ வகை ரத்தத்தில் மற்ற வகைகளுக்கு எதிரான பொருள் சிலருக்கு அதிகம் இருக்கும், சிலருக்குக் குறைவு. கலந்தால் அதன் வீரியம் சமனாகிவிடும். குப்பிக்குள்ளேயே அழுத்தம் இருந்ததால், கம்பமோ கூடாரமோ இல்லாத இடத்தில்கூட ரத்தம் தானாக ஏறும். குளிர்பதன வண்டியில் குப்பிகள் போர்முனைக்குப் போயின. போர் முடிவதற்குள் சுமார் 9,000 லிட்டர் ரத்தம் இப்படிக் கையாளப்பட்டது. அதே காலத்தில் மாட்ரிட் பக்கம் கனடா மருத்துவர் நார்மன் பெத்யூன் நடமாடும் ரத்த சேவை நடத்தினார். பின்னாளில் சீனாவில் இறந்த பெத்யூனின் பெயர் உலகம் முழுக்கத் தெரியும். துரானின் பெயர் இந்தத் துறைக்கு வெளியே அநேகமாக யாருக்கும் தெரியாது என்பது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

1939 ஏப்ரலில் துரான் தன் அனுபவத்தை ‘லான்செட்’ இதழில் எழுதினார். எப்படி எடுத்தோம், எத்தனை நாள் வைத்தோம், எதில் அனுப்பினோம் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அதே மாதம் ஜேனட் வாகன் தன் லண்டன் வீட்டுக்குச் சக மருத்துவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அரசாங்கம் யாரையும் கேட்டிருக்கவில்லை, அவர்களாகவே கூடினார்கள். எத்தனை புட்டி, எந்த அளவு ரப்பர் குழாய், எங்கே வைப்பது, யார் ஓட்டுவது என்று எழுதி மருத்துவ ஆராய்ச்சிக் குழுவிடம் கொடுத்தார்கள். லண்டனுக்குள் வைத்தால் குண்டுக்குப் பலியாகும் என்பதால் நகரத்துக்கு வெளியே ஸ்லோ, லூட்டன், சட்டன், மெய்ட்ஸ்டோன் என நான்கு ஊர்களில் கிடங்குகள் அமைப்பது என்று முடிவானது.

பார்சிலோனாவை அவர்கள் அப்படியே நகல் எடுக்கவில்லை. ஆறு பேர் ரத்தத்தைக் கலப்பதை விட்டுவிட்டு, ஒருவருடையதை ஒரு புட்டியில் வைத்தார்கள். பால் புட்டியை இடுப்பு சிறுத்தது போலக் கொஞ்சம் மாற்றி ரத்தப் புட்டி ஆக்கினார்கள். குளிர்ச்சியான வண்டிக்கு எங்கே போவது? வால்ஸ் ஐஸ்கிரீம் கம்பெனியின் வண்டிகள் கிடைத்தன, ஓட்டுநர்களோடு. போர் மூண்ட செப்டம்பர் முதல் வாரத்தில் வாகனுக்கு ஒரு தந்தி வந்தது. ரத்தம் எடுக்கத் தொடங்கலாம் என்பதுதான் முழுச் செய்தியும். ஸ்லோ நகரத்து மக்கள் வரிசையில் நின்றார்கள்.

ஓராண்டு கழித்து, 1940 செப்டம்பர் 7 முதல், லண்டன் மேல் இரவெல்லாம் குண்டு பொழிந்தது. அந்த இரவுகளில் மருத்துவமனைகளுக்குப் போன புட்டிகள் முன்னமே எடுத்து, வகை பார்த்து, குளிரில் வைத்தவை. நான்கு கிடங்குகளும் ரத்தம் அனுப்புவதோடு நிற்கவில்லை. ஏற்றிய ரத்தம் நோயாளி உடம்பில் எத்தனை நாள் உயிரோடு இருக்கிறது என்று அளந்தார்கள். அமிலம் சேர்த்த சிட்ரேட், டெக்ஸ்ட்ரோஸ் கரைசலை, சட்டன் கிடங்கின் பாட்ரிக் மாலிசன், ஜான் லூட்டிட் இருவரும் 1943இல் அறிமுகப்படுத்தினார்கள். அதற்கு முன் சிட்ரேட்டையும் சர்க்கரையையும் ஒன்றாகச் சூடாக்கிக் கிருமி நீக்கினால் சர்க்கரை கருகிவிடும். தனித்தனியே செய்து பிறகு கலக்க வேண்டும். கலக்கும்போது கிருமி புகும். கொஞ்சம் அமிலம் சேர்த்ததும் அந்தத் தொல்லை ஒழிந்தது. ரத்தம் 21 நாள் வரை நின்றது. இன்று நம் ஊர் ரத்த வங்கியில் சிவப்பணுக்கள் 35 நாள், 42 நாள் இருக்கின்றன என்றால் அந்தக் கரைசலின் வழித்தோன்றல்கள்தான் அந்தப் பைக்குள் இருக்கின்றன. மாலிசன் 1951இல் எழுதிய பாடநூல் அவர் காலத்துக்குப் பிறகும் திருத்தம் பெற்று வருகிறது. நம் நாட்டு மருத்துவக் கல்லூரிகளிலும் ரத்தமேற்றல் துறையினர் அதைப் புரட்டித்தான் படிக்கிறார்கள்.

துரான் மீண்டும் ஸ்பெயினில் வாழவில்லை. மான்செஸ்டரில் நோய்க்குறியியல் மருத்துவராக இருந்து 1957இல் இறந்தார்.

வரிசை நீண்ட நாட்கள்

ரத்தம் பற்றாமல் போகும் பேரிடர்தான் நம் கற்பனையில் இருக்கிறது. கடந்த கால் நூற்றாண்டில் இந்தத் துறையினர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட முக்கியமான பாடம் இதற்கு நேர் எதிரானது.

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் இடிந்தபோது அமெரிக்கா முழுக்க மக்கள் ரத்த மையங்களுக்குத் திரண்டார்கள். வழக்கத்துக்கு மேல் கிட்டத்தட்ட 4,75,000 யூனிட் சேர்ந்தது. தாக்குதலில் காயம்பட்டவர்களுக்கு ஏற்றப்பட்டது 258 யூனிட். கொடுமை என்னவென்றால், அந்த இடிபாட்டில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் ரத்தம் தேவைப்படும் நிலையிலேயே இல்லை, இறந்துவிட்டார்கள். சேர்ந்த ரத்தத்தில் கணிசமான பகுதி கெடு தேதி தாண்டிக் கொட்டப்பட்டது. விமானங்கள் நிறுத்தப்பட்டதால் ஓர் ஊரில் இருப்பதை இன்னோர் ஊருக்கு அனுப்பவும் முடியவில்லை.

2003 டிசம்பர் 26 அன்று ஈரானில் பாம் நகரம் நிலநடுக்கத்தில் தரைமட்டமானது. 26,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நான்கே நாளில் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் அதிகமான யூனிட் சேர்ந்தது. பாமுக்குப் போனது நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை. இடிபாட்டில் நசுங்கியவர்களுக்கு ரத்தத்தைவிடச் சிறுநீரகத்தைக் காப்பாற்றும் டயாலிசிஸ்தான் அவசரமாகத் தேவைப்பட்டது. இந்தக் கணக்கை உலகத்துக்குச் சொன்னவர்கள் வெளியார் அல்ல, ஈரானிய மருத்துவர்களே. தங்கள் நாட்டு மக்களின் பெருந்தன்மை எப்படி வீணானது என்று 2008இல் ஆய்விதழில் எழுதினார்கள். எழுத மனசு வலித்திருக்கும். எழுதினார்கள் என்பதால்தான் மற்ற நாடுகளுக்குத் தெரிந்தது.

கூடுதலாகச் சேர்ந்தால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். கெடுகிறது, இப்படி. நம் நாட்டு விதிப்படி ஒரு ஆண் ரத்தம் கொடுத்தால் மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி கொடுக்கலாம். பெண் என்றால் நான்கு மாதம். ஊரில் கொடுக்கக்கூடியவர்கள் எல்லோரும் ஒரே இரவில் கொடுத்துவிட்டால், அடுத்த மூன்று மாதம் கொடுக்க ஆள் இல்லை. எடுத்த சிவப்பணுவின் ஆயுளோ ஐந்தாறு வாரம். பிளேட்லெட்டுக்கு ஐந்தே நாள். இரண்டாவது மாதத்தில் தலசீமியா குழந்தை ஒன்று மாதாந்திர ரத்தத்துக்கு வரும்போது அலமாரி காலியாக இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. அது கடிகாரம் சம்பந்தப்பட்டது. எடுத்த ரத்தத்தை உடனே ஏற்ற முடியாது. எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, மஞ்சள் காமாலை சி, பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா என ஐந்துக்கும் பரிசோதிக்க வேண்டும். வகை பார்க்க வேண்டும். சுழற்றிப் பிரிக்க வேண்டும். இதற்கெல்லாம் மணிக்கணக்கில் ஆகும். ரத்தம் கொட்டிக்கொண்டிருப்பவருக்கு அவ்வளவு நேரம் கிடையாது. விபத்தில் அடிபட்டவரைக் காப்பாற்றுவது, விபத்து நடக்கும் முன்பே யாரோ கொடுத்துவிட்டுப் போன ரத்தம்.

2001க்குப் பிறகு அமெரிக்க ரத்த வங்கிகள் சங்கம் மற்ற அமைப்புகளையும் சேர்த்துப் பேரிடருக்கென ஒரு பணிக்குழு அமைத்தது. அவர்கள் வகுத்த கணக்கு எளிமையானது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள், இனி சேர்க்கப்படக்கூடியவர்கள் ஆகியோரின் எண்ணிக்கையை மூன்றால் பெருக்கு. கையிருப்பில் உள்ள ஓ வகை யூனிட்டுகளை அதிலிருந்து கழி. மீதி எவ்வளவோ அவ்வளவுதான் வெளியிலிருந்து வேண்டும். மக்களைக் கூப்பிடுவதா, காத்திருக்கச் சொல்வதா என்பதைப் பதற்றத்தில் இருக்கும் அமைச்சரோ தொலைக்காட்சியோ தீர்மானிக்கக் கூடாது, இந்தக் கணக்கு தீர்மானிக்க வேண்டும் என்பது அதன் சாரம். ரத்த வங்கி ஊழியர் ஒருவர் நள்ளிரவில் ஒரு துண்டுத் தாளில் போட்டுவிடக்கூடிய கணக்கு இது. அதனாலேயே அருமையானது என்று நினைக்கிறேன்.

2023 ஜூன் 2, வெள்ளிக்கிழமை மாலை. ஷாலிமாரிலிருந்து சென்னை நோக்கி வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிசாவின் பாஹாநகா பஜார் அருகே விபத்துக்குள்ளானது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். பாலசோர் மருத்துவமனையில் இரவெல்லாம் இளைஞர்கள் ரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற காட்சியை நாம் எல்லோரும் பார்த்தோம். யார், எந்த ஊர், என்ன மொழி என்று தெரியாதவர்களுக்காக நின்றார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. அவர்கள் கொடுத்த ரத்தம் அடுத்தடுத்த நாட்களின் அறுவை சிகிச்சைகளுக்கு. அன்று இரவு முதல் சில மணி நேரத்தில் ஏற்றக்கூடியது, மே மாதம் ஏதோ ஒரு முகாமில் யாரோ கொடுத்த ரத்தம் மட்டுமே. அந்த யாரோவைப் படம் பிடிக்க எந்தக் கேமராவும் போகவில்லை.

தவறைச் சொல்ல ஓர் இடம்

1996இல் பிரிட்டனில் ‘ஷாட்’ என்ற ஏற்பாடு தொடங்கியது. ரத்தம் ஏற்றும்போது நோயாளிக்குக் கடுமையான கேடு ஏற்பட்டால் மருத்துவமனை அதை அறிவிக்கலாம். மருத்துவமனையின் பெயரோ ஊழியரின் பெயரோ வெளியே வராது. எல்லாவற்றையும் சேர்த்து ஆண்டுதோறும் ஓர் அறிக்கை வரும். அதை உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

அது எச்ஐவி பயம் இன்னும் நீங்காத காலம். ரத்தம் என்றாலே நோய் தொற்றிவிடும் என்று மக்கள் அஞ்சினார்கள். முதல் அறிக்கைகளைப் பிரித்துப் பார்த்தபோது வேறு ஒன்று முதலிடத்தில் இருந்தது: ஒருவருக்கு ஏற்ற வேண்டிய ரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றிவிடுவது. சோதனைக் குழாயில் பெயர் மாறி ஒட்டியது, கட்டிலருகே நின்று நோயாளியிடம் பெயரைக் கேட்காமல் விட்டது, இப்படிச் சாதாரண விஷயங்கள். நம் ஊரில் ஒரே வார்டில் இரண்டு லட்சுமி இருப்பது புதிதல்ல. பையைத் தொங்கவிடும் முன் பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், உள்நோயாளி எண் மூன்றையும் சத்தமாகப் படித்துச் சரிபார்க்கிற நர்ஸைப் பார்த்து, இவ்வளவு நேரமா என்று உறவினர்கள் சலித்துக்கொள்வதுண்டு. அந்த நர்ஸ் செய்வதுதான் அந்த அறையிலேயே மிக முக்கியமான வேலை.

ஷாட்டின் இன்னொரு சாதனை எனக்கு மிகவும் பிடித்தது. ரத்தம் ஏற்றிய சில மணி நேரத்தில் சிலருக்கு நுரையீரல் நீர் கோத்து மூச்சுத் திணறும். சிலர் இறந்தும் போவார்கள். ஒரு மருத்துவமனையில் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை நடக்கும். தனியாகப் பார்க்கிற மருத்துவருக்கு அதில் எந்தத் தொடர்பும் தெரியாது. நாடு முழுக்க வந்த அறிக்கைகளை அருகருகே வைத்துப் பார்த்தபோது, பிளாஸ்மாவும் பிளேட்லெட்டும் கொடுத்த பலர் பெண்கள் என்று தெரிந்தது. கருவுற்றிருந்த பெண்களின் ரத்தத்தில், வயிற்றுக் குழந்தையின் வெள்ளணுக்களுக்கு எதிரான பொருள் உருவாகியிருக்கலாம். அவர்களுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. பெறுபவரின் நுரையீரலுக்கு அது ஆபத்து. 2003 கடைசியிலிருந்து இங்கிலாந்தில் ஏற்றுவதற்கான பிளாஸ்மாவை முடிந்தவரை ஆண்களிடமிருந்தே எடுப்பது என்று மாற்றினார்கள். அந்த மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. புது மருந்து இல்லை, புதுக் கருவி இல்லை. நூறு மருத்துவமனைகள் தங்கள் கெட்ட நாட்களை ஒரே இடத்தில் சொன்னதால் வந்த பலன்.

பேரிடர் நாளில் ஆள் மாறும் ஆபத்து பல மடங்கு. நினைவில்லாமல் வருகிறவர்களுக்குப் ‘பெயர் தெரியாத ஆண் 1’, ‘பெயர் தெரியாத ஆண் 2’ என்று வரிசையாக எழுதினால், பதற்றத்தில் ஒன்றும் இரண்டும் இடம் மாறிவிடும். இதை உணர்ந்து இங்கிலாந்தில் 2018இல் ஓர் அறிவுறுத்தல் வந்தது. பெயர் தெரியாதவர்களுக்கு வரிசை எண்ணே கொடுக்கக் கூடாது. ஒன்றோடொன்று ஒட்டாத தற்காலிகப் பெயரும் எண்ணும் தர வேண்டும். அடையாளம் தெரியாதவர்கள் கூட்டமாக வந்து சேரும் பாஹாநகா போன்ற இரவுகளை நினைத்துப் பார்த்தால், இந்தச் சின்ன மாற்றத்தின் அருமை தெரியும்.

ரத்தப்பையின் மேல் ஒட்டியிருக்கும் பார்கோடுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1991 வளைகுடாப் போரின்போது அமெரிக்கப் படைகளுக்குப் பல மையங்களிலிருந்து ரத்தம் போனது. ஒவ்வொரு மையத்துக்கும் ஒரு லேபிள், ஒரு எண் வரிசை. வேறு வேறு பைகளில் ஒரே எண் வந்தது. எண்ணுக்கு மேல் எண்ணை ஒட்டினார்கள். அந்தக் குழப்பத்தைப் பார்த்தவர்கள் திரும்பி வந்து, உலகத்துக்கு ஒரே லேபிள் முறை வேண்டும் என்று உட்கார்ந்து உருவாக்கியதுதான் இன்று பல நாடுகளில் உள்ள பொதுக் குறியீடு. அந்தக் குறியீட்டில், எந்த நாட்டில் எடுத்த ரத்தமானாலும் அதன் எண் உலகத்தில் வேறொரு கொடைக்கு இருக்காது.

அவசரத்தில் வகை தெரியாதவருக்கு ஓ வகை கொடுப்பது வழக்கம். அதிலும் நம் நாட்டுக்கே உரிய ஒரு எச்சரிக்கை உண்டு. 1952இல் பம்பாயில் மருத்துவர் பேண்டேயும் சக ஆய்வாளர்களும் கண்டறிந்த ‘பாம்பே’ வகை ரத்தம் மேலோட்டமான சோதனையில் ஓ போலவே தெரியும். ஆனால் அந்த வகையினருக்கு ஓ ரத்தமும் சேராது. இன்னொரு பாம்பே வகைக்காரர்தான் கொடுக்க வேண்டும். இவர்கள் மிகச் சிலர், இந்தியா முழுக்கச் சிதறி இருப்பவர்கள். எந்த ஊரில் யார் இருக்கிறார் என்ற பட்டியலை ரத்த வங்கியினர் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வதால்தான் ஒரு மாநிலத்தில் பிரசவ வலியில் இருப்பவருக்கு இன்னொரு மாநிலத்திலிருந்து பை வந்து சேருகிறது.

சாத்தூர்

2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூரில் கர்ப்பிணி ஒருவருக்கு எச்ஐவி கிருமியுள்ள ரத்தம் ஏற்றப்பட்ட செய்தியைத் தமிழ்நாடு மறந்திருக்காது. அந்த ரத்தத்தைக் கொடுத்த இளைஞருக்கு 2016இலேயே ஒரு முகாமில் ரத்தம் எடுத்தபோது கிருமி இருப்பது பரிசோதனையில் தெரிந்திருந்தது. அவருக்கு யாரும் சொல்லவில்லை. தெரியாமலே 2018 நவம்பரில் உறவினர் ஒருவருக்காக மீண்டும் கொடுத்தார். வெளிநாட்டு வேலைக்கான மருத்துவச் சோதனையில் உண்மை தெரிந்ததும் அவரே போய் ரத்த வங்கியில் சொன்னார். அதற்குள் அந்தப் பை போய்விட்டது. சில வாரங்களில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

பாதிக்கப்பட்ட பெண்ணை நினைத்து நாம் பதறினோம், பதற வேண்டியதுதான். அந்த இளைஞரையும் நினைக்க வேண்டும். முழுக்கதையிலும் தெரிந்த உடனே தெரிந்ததைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பதிவேட்டில் இருந்த ஒரு வரி, அவர் வீட்டு வாசலுக்கும் அடுத்த ரத்த வங்கிக்கும் போய்ச் சேர்ந்திருந்தால் இரண்டு குடும்பங்கள் பிழைத்திருக்கும். ஆய்வகக் கருவியின் குறை பற்றியும் ஊழியரின் கவனக்குறைவு பற்றியும் அப்போது நிறையப் பேசப்பட்டது. தகவல் நின்றுபோன இடத்தைப் பற்றி அதைவிட அதிகம் பேசியிருக்க வேண்டும்.

இந்தியாவில் ரத்தமேற்றல் பக்கவிளைவுகளை அறிவிக்கும் தேசியத் திட்டம் 2012 டிசம்பர் 10 அன்று தொடங்கியது. கொடையாளருக்கு ஏற்படும் மயக்கம், நரம்பு வலி போன்றவற்றை அறிவிக்கும் திட்டம் 2015 ஜூன் 14 அன்று சேர்ந்தது. இரண்டும் நல்ல ஏற்பாடுகள். அறிவித்தால் தண்டனை வருமோ என்ற அச்சம் இருக்கும்வரை அவற்றுக்கு முழு உண்மை வராது. வேண்டுமென்றே செய்த அலட்சியத்துக்குத் தண்டனை இருக்கட்டும். மூன்று பேர் பார்க்க வேண்டிய வேலையை ஒருவராகப் பார்த்து, இரவு இரண்டு மணிக்குக் குழாயில் பெயரை மாற்றி ஒட்டிய டெக்னீஷியன், காலையில் தலைமை மருத்துவரிடம் போய்ச் சொல்லக்கூடிய நிலை வேண்டும். அவரைச் சஸ்பெண்ட் செய்தால், அதே மேசையில் அடுத்து உட்காருபவர் வாயே திறக்க மாட்டார்.

நம் ஊர் ஃபிரிட்ஜில்

காசுக்கு ரத்தம் விற்பதை ஒழிக்க உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. தேசிய, மாநில ரத்தமேற்றல் கவுன்சில்கள் அந்தத் தீர்ப்பின் பிள்ளைகள். காசுக்குக் கொடுப்பவர் போனார். ஆனால் ‘ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு பேரை ரத்தம் கொடுக்கக் கூட்டிட்டு வாங்க’ என்ற பழக்கம் இன்னும் போகவில்லை. ஊரிலிருந்து தனியாக வந்த கிழவிக்கு யார் வருவார்கள்? உறவுக்காரர் கட்டாயத்தில் கொடுக்கும்போது தன் உடம்பில் உள்ளதைச் சொல்லத் தயங்குவார். தானாக, தொடர்ந்து கொடுப்பவர்தான் பாதுகாப்பான கொடையாளர் என்று இந்தத் துறையினர் பல காலமாகச் சொல்லிவருவது இதனால்தான். இலங்கை 2014இலேயே முழுக்க முழுக்கத் தன்னார்வக் கொடைக்கு மாறிவிட்டது. அங்கே கொழும்பு நாரஹேன்பிட்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை பெரும்பாலான அரசு ரத்த வங்கிகள் ஒரே தேசியச் சேவையின் கீழ் இருப்பதால், ஓரிடத்துக் கையிருப்பு இன்னோரிடத்துக்குத் தெரியும். நம்மிடம் அரசு, தனியார், தொண்டு நிறுவனம் என்று ஆயிரக்கணக்கில் தனித்தனி. ஒரு ரத்த வங்கி இன்னொன்றுக்குக் கையிருப்பை மாற்றிக்கொடுக்க 2015இல்தான் அனுமதி கிடைத்தது. கையிருப்பை இணையத்தில் காட்டும் ‘இ-ரக்த்கோஷ்’ 2016இல் வந்தது. எல்லா ரத்த வங்கிகளும் தினமும் உண்மையான எண்ணிக்கையை அதில் ஏற்றினால் வெள்ளமோ புயலோ வரும் நாளில் அதன் மதிப்பு தெரியும்.

வெள்ளம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பிளேட்லெட் பை சுமார் 22 டிகிரி வெப்பத்தில் இடைவிடாமல் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். சிவப்பணுவுக்கு 2 முதல் 6 டிகிரி வேண்டும். பிளாஸ்மா உறைந்த நிலையிலேயே இருக்க வேண்டும். மின்சாரம் போனால் முதலில் போவது பிளேட்லெட். ஜெனரேட்டர் தரைத்தளத்தில் இருந்தால் அதற்குள்ளேயே தண்ணீர் புகும். அதை மேலே வைக்க வேண்டும், எத்தனை மணி நேரத்துக்கு டீசல் இருக்கிறது என்று எழுதிவைக்க வேண்டும், எந்தப் பையை முதலில் எங்கே மாற்றுவது என்று மழைக்காலத்துக்கு முன்பே பக்கத்து மாவட்டத்தோடு பேசிவைக்க வேண்டும். மழைக்காலத்தைக் கடந்த ஒவ்வொரு ரத்த வங்கியும் இதைப் பற்றி ஒரு பக்கம் எழுதி மற்றவர்களுக்கு அனுப்பினால், அது எந்தப் பாடநூலிலும் இல்லாத பாடம்.

படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் முகாம்களில் பெரும்பகுதி கல்லூரிகளில் நடக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரி விடுமுறை. அலமாரி மெலிவது அப்போதுதான். 18 வயது தாண்டி, 45 கிலோவுக்குக் குறையாமல், உடம்பு நன்றாக இருப்பவர்கள் பக்கத்து அரசு மருத்துவமனை ரத்த வங்கிக்கு போன் செய்து, உங்களுக்கு எப்போது தேவைப்படும் என்று கேளுங்கள். அவர்கள் மே மாதத்தில் ஒரு தேதி சொன்னால் அன்றைக்குப் போங்கள். கேள்வித்தாளில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பரிசோதனையில் ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று கேட்டு, சரியான போன் நம்பரைக் கொடுங்கள். வீடு திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தாலோ, சொல்ல மறந்தது ஒன்று நினைவுக்கு வந்தாலோ, வெட்கப்படாமல் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பை இன்னும் அலமாரியில் இருந்தால் எடுத்துத் தனியே வைத்துவிடுவார்கள்.